காந்தம் ஒட்டினால் விண்கல்லா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கனிமச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விண்கல் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): ஐயா, கரூ வறண்ட பீடபூமிப் பக்கம் போன என் மகன் ஒரு கறுப்புக் கல்லை எடுத்து வந்தான். காந்தம் ஒட்டுகிறது. விண்கல்தானே?

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. அங்கே எங்கும் கிடக்கும் டோலரைட் என்ற கறும்பாறையிலும் மேக்னடைட் என்ற காந்த இரும்புக் கனிமம் உண்டு. காந்தம்தான் சாட்சி என்றால் கரூவின் பாதி மலை வானத்திலிருந்து விழுந்திருக்க வேண்டும்! உடைந்த முகத்தைப் பாருங்கள். ரவை போன்ற சிறு உருண்டைகளும் மினுக்கும் உலோகத் துணுக்குகளும் தெரிந்தால் பேசலாம். குமிழி ஓட்டைகள் நிறைந்திருந்தால் அநேகமாக உலைக் கிட்டம். காந்தத்தைத் தள்ளி வையுங்கள். உண்மையிலேயே விண்கல்லாக இருந்தால் அதில் பதிந்திருக்கும் பழைய காந்தத் தடயம் அழிந்துவிடும்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): விண்கல்லைப் பற்றி எச்5, எல்6 என்றெல்லாம் எழுதுகிறார்களே, அதற்கு என்ன பொருள்?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி. அந்தச் சிறு உருண்டைகள் கொண்ட விண்கல் வகையான சாதாரணக் காண்ட்ரைட்டில் ஆலிவின், பைராக்சீன், கொஞ்சம் பிளேஜியோகிளேஸ் என்ற கல் கனிமங்களும், டிராய்லைட் என்ற இரும்பு சல்ஃபைடும், இரும்பு-நிக்கல் உலோகமும் இருக்கும். எழுத்து இரும்பின் கணக்கு. ஆலிவினில் மக்னீசியமும் இரும்பும் ஒரே இருக்கையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இரும்பின் பங்கு நூற்றுக்குச் சுமார் 16 முதல் 20 என்றால் எச். 22 முதல் 26 என்றால் எல். 27 முதல் 32 என்றால் எல்எல். எச் என்பது இரும்பு மிகுந்த வகை, ஆனால் அதன் ஆலிவினில்தான் இரும்பு குறைவு. முரண் இல்லை: இரும்பின் பெரும்பகுதி ஆக்சிஜனோடு சேராமல் உலோகமாகவே நின்றுவிட்டது, ஆலிவினுக்குக் கிடைத்தது மிச்சம்தான்.

எண், கல் உடைந்து வந்த தாய்ச் சிறுகோளில் அது பட்ட சூட்டின் அளவு. 3 என்றால் உருண்டைகள் பளிச்சென்று தெரியும்; 6 என்றால் வெந்து குழைந்து விளிம்பு மங்கியிருக்கும். எச், எல் என்று கண்ணால் பார்த்தே அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள். மெருகிட்ட மெல்லிய துண்டும் எலக்ட்ரான் நுண்ணாய்வுக் கருவியும் வேண்டும்.

கேள்வி (லெனேசியா): நம் நாட்டில் கிடைத்தது எது?

பதில்: மொரோக்வெங். வடமேற்கு மாகாணத்தில், சுமார் 14.5 கோடி ஆண்டுப் பழைய மோதல் பள்ளத்தைத் துளையிட்டபோது, ஏறத்தாழ 770 மீட்டர் ஆழத்தில் 25 சென்டிமீட்டர் துண்டு ஒன்று அகப்பட்டது. 2006இல் செய்தி வெளியானது. எல்எல்6 சாயல்தான், ஆனால் உலோகமே இல்லை. காந்தத்தை நம்பியிருந்தால் கோட்டை விட்டிருப்போம்! 1838இல் மேற்குக் கேப்பில் விழுந்த கோல்ட் பொக்கெவெல்ட் வேறு குலம்: கரிமக் காண்ட்ரைட், நீர் கலந்த கனிமங்கள் கொண்டது.

கேள்வி (மியர்பேங்க்): விற்கலாமா?

பதில்: கூடாது தம்பி. 1999ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரிய வளச் சட்டப்படி இந்நாட்டில் கிடைக்கும் விண்கல் அரசின் சொத்து. கழுவாமல், சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றி, கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு அருங்காட்சியகத்தில் கொடுங்கள்.