‘டியூமர்’ என்று ரிப்போர்ட்டில் இருந்தால் புற்றுநோய்தானா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. ரத்தசோகைக்குக் காரணம் தேடி கொலோனோஸ்கோபி செய்தார்கள். பெருங்குடலின் வலப்பக்கம் 3 செ.மீ. அளவில் ‘லேட்டரலி ஸ்ப்ரெடிங் டியூமர், கிரானுலர், ஹோமோஜீனியஸ்’ என்று எழுதியிருக்கிறார்கள். டியூமர் என்று படித்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. குடலை வெட்ட வேண்டுமா?

பதில்: முதலில் அந்தச் சொல்லின் பயத்தைப் போக்கிவிடலாம். இங்கே டியூமர் என்றால் கட்டி, அவ்வளவுதான். ‘லேட்டரலி ஸ்ப்ரெடிங் டியூமர்’ என்பது 1990களில் ஜப்பானிய மருத்துவர் ஷின்-எய் குடோ வைத்த பெயர். காளான்போல மேலே எழும்பாமல், குடலின் உட்சுவரில் பாசிபோல் 1 செ.மீ.க்கு மேல் பக்கவாட்டில் படரும் கட்டிகள் இந்த வகை. பெரும்பாலும் இவை இன்னும் புற்றாக மாறாதவை. ஆனால் விட்டுவைத்தால் மாறக்கூடும்.

அளவைவிட மேற்பரப்பின் தோற்றம்தான் அதிகம் சொல்லும். குருணை குருணையாக இருந்தால் கிரானுலர், வழவழப்பாக இருந்தால் நான்-கிரானுலர். அப்பாவுக்கு இருப்பது குருணைகள் ஒரே சீராக உள்ள வகை. இரண்டு வகையும் இரண்டிரண்டாகப் பிரியும்; அந்த நான்கு உட்பிரிவுகளில் மிகச் சாது இதுதான். புற்று ஆழமாக இறங்கியிருக்கும் வாய்ப்பு 1 சதவீதம்கூட இல்லை. குருணைகளுக்கு நடுவே பெரிய முண்டு இருந்தால் அது பத்தில் ஒன்று என்ற அளவுக்கு ஏறும். வழவழப்பான கட்டியின் நடுப்பகுதி லேசாகப் பள்ளமாகத் தெரிந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. அதனால்தான் நீலச் சாயம் தெளித்து, பெரிதாக்கி, பொறுமையாகப் பார்க்கிறோம்.

சரி, அடுத்து என்ன? வயிற்றைத் திறக்கத் தேவையிருக்காது என்றே நினைக்கிறேன். கட்டிக்கு அடியில் ஊசியால் திரவம் செலுத்தி அதை மேலே தூக்கி, கம்பி வளையத்தால் துண்டு துண்டாக எண்டோஸ்கோபி வழியாகவே எடுக்கலாம். ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: அதற்குள் வேறு மருத்துவமனையில் அந்தக் கட்டியிலிருந்து பயாப்ஸி (சோதனைக்காகச் சிறு சதைத்துணுக்கு) எடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். துணுக்கு எடுத்த இடத்துத் தழும்பு அடித்திசுவோடு ஒட்டிக்கொண்டால் கட்டி மேலே எழும்பாது. எளிய வேலை கடினமாகிவிடும். படங்களோடு, வீடியோ இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, பெரிய பாலிப்புகளை (குடலின் உட்சுவரில் வளரும் இதுபோன்ற கட்டிகளை) அடிக்கடி அகற்றும் குடல் மருத்துவரிடம் போங்கள். அப்பா ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

துண்டுகளாக எடுத்த இடத்தில் மறுபடி முளைப்பதுண்டு. எனவே 6 மாதத்தில் மீண்டும் கொலோனோஸ்கோபி கட்டாயம். அப்புறம் உங்களுக்கும் ஒன்று: 40 வயது ஆகிவிட்டதென்றால், நீங்களும் உடன்பிறந்தவர்களும் எப்போது பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அதே மருத்துவரிடம் கேட்டு வாருங்கள்.