பன்யனின் பிடிவாதம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியத்தை வாசிக்க ஆரம்பித்து, அதற்கு மூலமான மோட்சப் பிரயாணத்தை (Pilgrim's Progress) எழுதிய ஆங்கிலேயப் பிரசங்கியார் ஜான் பன்யனின் வாழ்க்கையையும் தேடிப் படித்தேன். இனிப் பிரசங்கம் செய்யமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரை விட்டிருப்பார்கள். சொல்லாமல் பன்னிரண்டு வருடம் சிறையில் இருந்தார். வெளியே இளம் மனைவி, நான்கு பிள்ளைகள், அதில் ஒன்றுக்குக் கண் தெரியாது. இது விசுவாசமா, பிடிவாதமா? அந்த மனைவியை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

இதே கேள்வியைப் பன்யன் தன்னிடமே கேட்டுக்கொண்டார். சிறையில் இருந்தபோது 1666ல் வெளியான தன்வரலாற்றில், மனைவி பிள்ளைகளின் தலைமேலேயே சொந்த வீட்டை இடித்துத் தள்ளுகிறவனைப் போல இருக்கிறேன் என்கிறார். அவர்களைப் பிரிவது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பது போல இருந்ததாம். பார்வையில்லாத மூத்த மகள் மேரியைப் பற்றிய பகுதியை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடிந்ததில்லை. உன்மேல் காற்று படுவதையே பொறுக்கமாட்டேனே, நீ அடிபட்டு, பிச்சையெடுத்து, குளிரில் வாட வேண்டுமே என்று புலம்புகிறார். கல்நெஞ்சக்காரர் இப்படி எழுதமாட்டார்.

சரி, பிறகு ஏன்? கைதான நாளைப் பாருங்கள். 1660 நவம்பர் 12. இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷயரில் ஒரு கிராமத்து வீட்டில் ஜெபக் கூட்டம். வாரண்ட் இருக்கிறது, கூட்டத்தை விட்டுவிடலாமா என்ற பேச்சு வருகிறது. பன்யன் வெளியே போய் வயலில் கொஞ்ச நேரம் நடக்கிறார். இவ்வளவு நாள் தைரியமாகப் பேசிய நானே ஓடினால், புதிதாக வந்த பலவீனமான விசுவாசிகள் என்ன ஆவார்கள்? திரும்பி வந்து ஜெபத்தோடு ஆரம்பிக்கிறார். பிடித்துக்கொண்டு போகிறார்கள். மன்னர் இரண்டாம் சார்லஸ் நாடு திரும்பி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அரசுத் திருச்சபையை விட்டுத் தனியாகக் கூடி வழிபடுகிறவர்களைத் தண்டிக்கும் 1593ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசிதட்டி எடுத்திருந்தார்கள்: மூன்று மாதம் சிறை, அப்புறமும் அடங்காவிட்டால் நாடுகடத்தல், அனுமதியில்லாமல் திரும்பினால் தூக்கு.

நீங்கள் எழுதியதில் ஒன்றைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பன்யனின் மனைவி எலிசபெத்தைக் கணவருக்காகக் கஷ்டப்பட்டவராக மட்டும் பார்க்கிறீர்கள். அவர் இரண்டாம் தாரம். கல்யாணமாகி இரண்டு வருடம் நிறையவில்லை. கைதுச் செய்தி கேட்ட அதிர்ச்சியில் வலி கண்டு, எட்டு நாள் அவதிப்பட்டுப் பெற்ற பிள்ளை இறந்துவிட்டது. மூத்தாள் பிள்ளைகள் நால்வரும் ஊராரின் தயவில் இருக்க, மனுவோடு லண்டனுக்கே போய் வந்தார். 1661 ஆகஸ்டில் பெட்ஃபோர்டின் ஸ்வான் விடுதியில் நீதிபதிகள் முன்னால் நடுங்கிக்கொண்டு நின்றார். உன் கணவன் பிரசங்கத்தை விடுவானா, விட்டால் ஆளனுப்பிக் கூப்பிடு என்கிறார் நீதிபதி ட்விஸ்டன். பேச முடிகிறவரை அதை விட அவர் துணியமாட்டார் என்கிறார் எலிசபெத். நீங்கள் சொல்லும் அந்த ஒரு வார்த்தை அன்று எலிசபெத்தின் நாக்கு நுனியில்தான் இருந்தது. அவரும் சொல்லவில்லை. போதாததற்கு, ஓட்டைப் பாத்திரம் அடைக்கிற ஏழை என்பதால்தானே அவரை இளக்காரமாக நினைத்து நியாயம் மறுக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டார். மாத்யூ ஹேல் என்ற நீதிபதி மட்டும் இரங்கிப் பேசினார். விடுதலை கிடைக்கவில்லை.

பன்யனும் சிறையில் சும்மா இருக்கவில்லை. நாடாக்களின் நுனிக்குப் பூண் போட்டு விற்று வீட்டுக்குக் கொடுத்தார். 1672ல்தான் வெளியே வந்தார்.

1678ல் வெளியான மோட்சப் பிரயாணத்தில் கதாநாயகன் கிறிஸ்தியான், மனைவி பிள்ளைகள் கூப்பிடக் கூப்பிடக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். அந்த இடமும் உங்களுக்கு உறுத்தியிருக்கும். 1684ல் பன்யன் இரண்டாம் பாகம் எழுதினார். அதில் அந்த மனைவி நான்கு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே வழியில் புறப்படுகிறாள். எலிசபெத்திடம் இருந்ததும் நான்கு பிள்ளைகள்தான். அதையும் படித்துவிட்டு எழுதுங்கள்.