கொலுசைப் படம் எடுத்துக் காட்டட்டும், ஃபீஸ் கட்டுவதை அப்புறம் பார்ப்போம்

அம்மா,

பிளஸ் டூ முடித்த மகன் போட்டோகிராஃபிதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், போட்டோ எடிட்டிங் கோர்ஸுக்கு 60,000 ரூபாய் கேட்கிறார்கள், நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். கோர்ஸ் மோசம் என்று சொல்லவில்லை. முதல் மூன்று மாதத்தில் அவன் கற்க வேண்டியதை வீட்டிலேயே செலவில்லாமல் கற்றுவிடலாம். இதில் அவனுக்கு உண்மையிலேயே பிடிப்பு இருக்கிறதா என்பதும் அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

படங்களைத் திருத்த கிம்ப் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. 1995-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் படித்த இரண்டு மாணவர்கள் எழுத ஆரம்பித்தது. இன்றுவரை தன்னார்வலர்கள்தான் வளர்த்து வருகிறார்கள். 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்தது. இலவசம் என்றால் ஒரு மாதம் கழித்துப் பூட்டிக்கொள்ளும் இலவசம் இல்லை. அதில் வேலை செய்து சம்பாதித்தாலும் யாருக்கும் காசு கட்ட வேண்டாம். கேமராவின் ரா கோப்புகளை, அதாவது கேமரா பதிவு செய்தபடியே இருக்கும் மூலப் படங்களைத் திறக்க டார்க்டேபிள் இருக்கிறது, அதுவும் இலவசம். நண்பன் தரும் கிராக் போட்ட ஃபோட்டோஷாப்பை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்ற விடாதீர்கள். வைரஸ் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், தொழிலைத் திருட்டுப் பொருளில் தொடங்க வேண்டாம்.

"ஸ்டுடியோவில் எல்லாம் ஃபோட்டோஷாப்தானே" என்பான். உண்மைதான், ஆல்பம் வேலை பெரும்பாலும் அதில்தான் நடக்கிறது. ஆனால் படத்தை அடுக்கடுக்காக வைக்கும் லேயர், ஒரு பகுதியை மட்டும் திருத்த விடும் மாஸ்க், வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்யும் லெவல்ஸ், கர்வ்ஸ் எல்லாம் இரண்டிலும் ஒரே விஷயம். மெனு இடம் மாறும், ஷார்ட்கட் மாறும், கொஞ்ச நாளில் கை பழகிவிடும். மென்பொருளை மாற்றிக்கொள்ளலாம். கண் பழகத்தான் நாளாகும்.

உங்கள் வீட்டுக்காரர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார் என்றீர்களே, அதைவிட நல்ல பயிற்சிக்கூடம் எங்கே கிடைக்கும்? வெள்ளியைப் படம் எடுப்பது லேசில்லை. எதிரில் இருப்பதையெல்லாம் அது வாங்கிக் காட்டும். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு எடுத்தால் கொலுசிலும் சிவப்பு ஏறும். வெள்ளைத் துணியில் வைத்து எடுத்தால் துணி அழுக்குச் சாம்பலாக வரும், ஏனென்றால் கேமரா எதையும் நடுத்தர வெளிச்சத்துக்கு இழுக்கப் பார்க்கும். ஜன்னல் ஓரத்தில், பக்கத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையையும் வைத்து எடுக்கட்டும். கிம்ப்பின் லெவல்ஸில் சாம்பல் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் கருவியால் அட்டையைத் தொட்டால் நிறம் நேராகும். அதே லெவல்ஸில் வெள்ளை முனையைக் கொஞ்சம் உள்ளே இழுத்தால் துணி வெளுக்கும். தூசியை ஹீல் கருவியால் எடுக்கலாம். பற்றவைத்த இடத்தையோ கீறலையோ அழிக்கக் கூடாது, கம்பியைத் தடிமனாகக் காட்டவும் கூடாது. படத்தைப் பார்த்து வாங்குபவருக்கு அதுதான் சரக்கு. இந்த நேர்மையை அவன் அப்பாவிடமிருந்தே கற்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் ஏற்காடு அனுப்புங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போய் இறங்கினால், காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பனிமூட்டம் நிற்கும். அதைப் படம் எடுத்தால், படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் நடுவிலேயே குவிந்திருக்கும். புதிதாகக் கற்பவர்கள் லெவல்ஸில் கறுப்பு, வெள்ளை இரண்டு முனையையும் இழுத்துவிடுவார்கள். பனி போய் மத்தியான வெயில் மாதிரி ஆகிவிடும். கிட்டே நிற்கும் மரத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டுக் கறுப்பைக் கூட்டி, பின்னால் இருக்கும் பனியைத் தொடாமல் விட வேண்டும். எங்கே கையை எடுப்பது என்று தெரிகிறதா, அதைத்தான் நான் அவன் படங்களில் தேடுவேன். இங்கே ரா எவ்வளவு உதவும் என்பதும் அவனுக்குப் புரியும்: கேமரா சுருக்கித் தரும் ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், 14 பிட் ராவில் 16,384. மெல்லிய பனியை ஜேபெக்கில் இழுத்தால் பட்டை பட்டையாக விழும்.

படிப்பை விட வேண்டாம். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) கிடைத்தால் சேரட்டும், பி.காம் என்றாலும் கெட்டுப்போகாது. பட்டறைக் கணக்குக்கும் உதவும். ஒளிப்பதிவில்தான் ஆசை என்றால் சென்னை தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வேலைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சேலத்துக்குப் பக்கத்து இளம்பிள்ளையில் வாட்ஸ்அப்பில் புடவை விற்பவர்களுக்கு, கையில் இருக்கும் நிறமே படத்திலும் வர வேண்டும். டியூப்லைட்டில் எடுத்த மயில் கழுத்து நிறம் வேறு ஏதோ ஆகிவிட்டால் புடவை திரும்பி வரும்.

ஆடியில் முகூர்த்தம் இருக்காது, ஸ்டுடியோக்காரர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். அதற்குள் இருபது படம் தயார் செய்யட்டும். எடிட் செய்யாததையும் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லேயர்களோடு சேமித்த கிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் கோப்போடு, அவனையே என்னிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். லேயர்களைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஆவணியில் கை தேவைப்படும் இரண்டு மூன்று ஸ்டுடியோக்களில் நானே பேசுகிறேன். கோர்ஸுக்குப் பணம் கட்டலாமா என்பதை அன்றைக்கு மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்வோம்.