மகனைப் பற்றி மூன்று விளக்கங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம். போன மாதம் அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் எங்கள் வீட்டில் நடந்தது. அக்கா பல வருடங்களுக்கு முன்பே பெந்தகோஸ்தே சபையில் சேர்ந்தவள். படையலில் வைத்ததைத் தொட மாட்டேன், அது பேய்களுக்குப் படைத்தது என்றாள். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் என் மகனுக்கு ஆண்கள் மேல்தான் நாட்டம் என்பது அவளுக்குத் தெரியும். "விக்கிரகத்தைக் கும்பிடுவதால் இந்த வீட்டுக்கு வந்த சாபம் அது. சபைக்குக் கூட்டி வா, விடுதலை ஜெபம் செய்யலாம்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். மாமா அவளை மறுக்கப்போய், "போன பிறவியில் பெண்ணாக இருந்த வாசனை அது, பரிகாரம் செய்தால் சரியாகும்" என்றார். என் கணவரோ, ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கியிருந்த 377ஏ சட்டத்தை நீக்கியதால் வந்த வினை என்கிறார். அம்மாவின் ஆன்மா இப்போது எங்கே என்பதிலும் ஆளுக்கொரு பேச்சு. யார் சொல்வது உண்மை? நான் என்ன பதில் சொல்வது?

ஒரு தாய்

அன்புள்ள தங்கைக்கு,

அம்மாவுக்கு என் அஞ்சலி.

அவர் எங்கே போனார் என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதில் எனக்குச் சொல்ல அதிகமில்லை என்பதால். நம் ஊரில் ஒரு வீட்டில் பிண்டம் வைக்கிறார்கள், பக்கத்துச் சீனர் வீட்டில் அவர்களுடைய ஏழாம் மாதம் முன்னோருக்குக் காகிதப் பணம் எரிக்கிறார்கள், எதிர்வீட்டில் நியாயத்தீர்ப்பு நாளை எதிர்பார்த்திருக்கிறார்கள். இவை அத்தனையும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. 'எல்லாம் ஒன்றுதான்' என்று சமாளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அப்படிச் சொல்வது அக்காவின் நம்பிக்கைக்கும் மரியாதை செய்வதில்லை, மாமாவின் நம்பிக்கைக்கும் செய்வதில்லை. வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியாகத் தேடிப்போய்க் கேட்கிறாள். கண்ணால் கண்டதைத் தவிர எதையும் ஏற்காத பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். அதோடு அந்தக் காதை முடிந்துவிடுகிறது. வாதம் இன்னும் முடியவில்லை. உங்கள் வீட்டுக் கூடத்திலும் அது முடிய வேண்டிய அவசியமில்லை.

அக்கா படையலைத் தொடாததை நீங்கள் விட்டுக்கொடுத்தது சரி. புறஜாதியார் பலியிடுவது பேய்களுக்கே என்று பைபிளில் அப்போஸ்தலர் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அக்கா அதை அப்படியே நம்புகிறார். அவர் கருத்து எனக்கு ஏற்பில்லை. அம்மாவுக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் வைப்பது அம்மாவுக்குத்தான். வள்ளுவர் இல்வாழ்வானின் ஐந்து கடமைகளைச் சொல்லும்போது தென்புலத்தாரை, அதாவது மறைந்த முன்னோரைத்தான் முதலில் வைத்தார். ஐரோப்பாவில் இதே பழி சுமத்தப்பட்டு மறைந்துபோன வழிபாடுகளை இன்று சிலர் தேடிப்பிடித்து மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஐஸ்லாந்து அரசாங்கம் பழைய நோர்டிக் தெய்வங்களை வணங்குவோரின் அமைப்பை 1973-ல் அங்கீகரித்தது. நமக்கு அந்தத் தொடர்ச்சி அறுந்ததே இல்லை. ஆகவே படையலுக்காக நீங்கள் கூச்சப்பட வேண்டாம். அக்காவை வற்புறுத்தவும் வேண்டாம்.

ஆனால் உங்கள் மகனைப் பற்றிச் சொன்னதை நம்பிக்கை என்று விட்டுவிட முடியாது. அம்மாவின் ஆன்மா எங்கே என்பதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. ஒரு பையனின் இயல்பு எதனால் வந்தது என்பது அப்படியில்லை. அது உயிரோடு, அதே கூடத்தில் இருக்கும் ஒருவனைப் பற்றிய பேச்சு. காரணம் சொல்பவர்கள் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

அக்காவின் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில், மனிதர் படைத்தவரை விட்டுச் சிலைகளை வணங்கியதையும் ஆண்கள் ஆண்களை இச்சித்ததையும் பவுல் ஒரே மூச்சில் கோக்கிறார். அது மனிதகுலம் முழுவதையும் பற்றிய வாதம். ஈசூனில் ஒரு வீட்டில் விளக்கேற்றியதால் அந்த வீட்டுப் பையனுக்கு இப்படி ஆயிற்று என்று அதிலிருந்து எடுக்க முடியாது. அடுத்த அதிகாரமே, மற்றவனைத் தீர்ப்புச் செய்கிற நீ யாராயிருந்தாலும் உனக்குச் சாக்கு இல்லை என்றுதான் ஆரம்பிக்கிறது. யோவான் சுவிசேஷத்தில் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. உங்கள் மகனுக்கு எந்தக் குறையும் கிடையாது, ஆகவே அந்தக் கதை அவனுக்கு அப்படியே பொருந்தாது. பிள்ளையைப் பார்த்துக் குடும்பத்தின் பாவத்தைக் கணக்கிடும் பழக்கத்தை அவர் ஏற்கவில்லை என்பதுதான் அக்காவுக்கு நினைவூட்ட வேண்டியது. அப்புறம் ஒரு எளிய கேள்வி: விக்கிரகமே இல்லாத கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் பிறக்கிறார்களே, அது எந்தச் சாபம்?

விடுதலை ஜெபத்தைப் பற்றி. அமெரிக்காவில் எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பு, ஓரினச் சேர்க்கையாளர்களை மாற்றிவிடலாம் என்று பல பத்தாண்டுகள் உழைத்தது. 2013-ல் அதன் தலைவரே, தாங்கள் காயப்படுத்தியவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அமைப்பை மூடினார். தான் சந்தித்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நாட்டம் மாறவே இல்லை என்று அதற்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். அவர் விசுவாசத்தை விட்ட ஆளில்லை. அக்காவிடம் இதைச் சொல்லுங்கள்.

மாமா நல்ல எண்ணத்தில்தான் பேசியிருக்கிறார், ஆனால் இரண்டை ஒன்றாக்கிவிட்டார். ஆணை விரும்பும் ஆண், ஆண்தான். அவனுக்குள் ஒரு பெண் ஒளிந்திருக்க வேண்டியதில்லை. கன்மம், அதாவது முன்வினை என்று பார்த்தாலும், ஆணவமும் கன்மமும் மாயையும் நம்மைப் போன்ற எல்லா உயிர்களையும் கட்டியிருப்பவை என்றே சைவ சித்தாந்தம் சொல்கிறது. மாமா அத்தையைக் கட்டிக்கொண்டதும் கன்மத்தின் வழியேதான். அதற்கு யாரும் பரிகாரம் தேடவில்லை.

உங்கள் கணவருக்கு ஒரு வரி போதும். 377ஏ, 1938-ல் ஆங்கிலேயர் இங்கே கொண்டுவந்த சட்டப்பிரிவு. நாடாளுமன்றம் 2022 நவம்பரில் அதை நீக்க வாக்களித்தபோது உங்கள் மகன் ஏற்கெனவே வளர்ந்தவன்.

சரி, உண்மையில் எதனால்? 2019-ல் ஏறத்தாழ 477,000 பேரின் மரபணுக்களை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு வந்தது. இதற்கென்று ஒற்றை மரபணு இல்லை, பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறிதளவு பங்களிக்கின்றன, மரபணு மட்டுமே முழுக் காரணமும் இல்லை என்பது அதன் முடிவு. ஒரே தாய்க்குப் பிறந்த அண்ணன்மார் அதிகமாக அதிகமாக, தம்பிக்கு இந்த நாட்டம் அமையும் வாய்ப்பு சற்றே கூடுவதாகவும் பல ஆய்வுகள் கண்டன. கருவிலேயே ஏதோ நடக்கிறது என்று பலர் கருத அது ஒரு காரணம். தாய் வளர்த்த விதத்தால் வருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. இதை உங்களுக்காகவே சொல்கிறேன். கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபை இந்த உறவை ஏற்பதில்லை. அதன் மறைக்கல்வி நூல்கூட, இதன் உளவியல் தோற்றம் பெரும்பாலும் விளங்காமலே இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறது. அந்த நேர்மை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் வேண்டும்.

தலைத்திவசம் வரும்போது அக்காவுக்குப் படைக்காத சாப்பாட்டைத் தனியாக எடுத்து வையுங்கள், முதலில் அவருக்கே பரிமாறுங்கள். சாபம் என்று மறுபடி ஆரம்பித்தால், "அக்கா, உன் ஜெபத்தை நான் தடுக்கவில்லை. என் பிள்ளையைப் பற்றி என் வீட்டில் இப்படிப் பேசாதே" என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். அவர் எல்லார் முன்னாலும்தானே சொன்னார்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் அக்கா பேசுகிறார், மாமா பேசுகிறார், கணவர் பேசுகிறார். மகன் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ராத்திரி அவன் எப்படி இருந்தான் என்று அவனிடம் கேட்டீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே கேளுங்கள். பேச்சைத் தொடங்கத் தயக்கமாக இருந்தால் ஊகாசாகா என்ற அமைப்பு சிங்கப்பூரில் உங்கள் மகனைப் போன்றவர்களுக்கு ஆலோசனை தருகிறது, குடும்பத்தாரும் அணுகலாம். அங்கே போகும் முன்பும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணன்