கிலோமீட்டர் குறைவு, வயது அதிகம்: 15 வருஷக் காரை இன்னும் ஓட்ட என்ன செய்யலாம்?

கேள்வி: தூத்துக்குடியில் இருக்கிறோம். அப்பா 2011-ல் வாங்கிய ஹூண்டாய் ஐ10, 1.1 பெட்ரோல் வண்டி. இதுவரை 61,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. மார்க்கெட், பேங்க், எப்போதாவது திருச்செந்தூர், அவ்வளவுதான் ஓட்டம். சர்வீஸ் சென்டரில் விட்டால் இரண்டு பக்கத்துக்கு எஸ்டிமேட் போட்டுத் தருகிறார்கள். தெருமுனை மெக்கானிக்கோ, "வண்டி புதுசு மாதிரி இருக்கு சார், ஆயில் மட்டும் மாத்துங்க போதும்" என்கிறார். 2026 அக்டோபரில் ஆர்சி முடிகிறது. இன்னும் ஐந்து வருஷமாவது ஓட்ட ஆசை. எதைச் செய்வது, எதை விடுவது?

பதில்: உங்கள் மெக்கானிக் மீட்டரைப் பார்த்துப் பேசுகிறார். சர்வீஸ் சென்டர் வண்டியின் வயதைப் பார்த்து எஸ்டிமேட் போடுகிறது, கூடவே மாத டார்கெட்டையும் பார்த்திருக்கலாம். உங்கள் வண்டியைப் பொறுத்தவரை வயதைப் பார்ப்பதுதான் சரி. பிஸ்டன், கியர், கிளட்ச் போன்றவை ஓட ஓடத் தேயும். ரப்பர், ஆயில், கூலண்ட், பேட்டரி, டயர் எல்லாம் வண்டி ஷெட்டில் நின்றாலும் கெடும். 15 வருஷத்தில் 61,000 ஓடிய காரில் முதல் வகைச் செலவு அதிகம் இருக்காது. இரண்டாவது வகைதான் உங்கள் வேலை. அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் "எத்தனை கிலோமீட்டர் ஆச்சு" என்று கேட்காமல் "கடைசியா எந்த வருஷம் மாத்தினது" என்று கேளுங்கள். பழைய பில்களில் பதில் இல்லை என்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டைமிங் பெல்ட். எஸ்டிமேட்டில் வேறு எதை அடித்தாலும் இதை அடிக்காதீர்கள். அந்தக் காலத்து ஐ10 இரண்டு பெட்ரோல் இன்ஜின்களோடு விற்பனையானது. 1.2 லிட்டர் கப்பா இன்ஜினில் டைமிங் செயின் இருக்கும், அதைப் பெரும்பாலும் தொட வேண்டியதில்லை. உங்களுடைய 1.1-ல் இருப்பது ரப்பர் பெல்ட். கிராங்க் ஷாஃப்டையும் கேம் ஷாஃப்டையும் சேர்த்து, எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும் என்பதை இதுதான் ஒழுங்குபடுத்துகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது இது அறுந்தால் இன்ஜின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். திறந்து நிற்கிற வால்வுகளில் பிஸ்டன் போய் இடித்து அவை வளைந்துவிடும் அபாயமும் உண்டு. அப்படி ஆனால் இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டை இறக்க வேண்டும். இவ்வளவு பழைய காருக்கு அந்தச் செலவு செய்ய யாருக்கும் மனசு வராது. பல நல்ல கார்கள் இந்த ஒரு காரணத்தாலேயே பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.

பொதுவாக இந்த வகை பெல்ட்டுக்கு 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டர் வரை ஆயுள் சொல்வார்கள். உங்கள் மாடலுக்கான கணக்கு வண்டியோடு வந்த மேனுவலில் இருக்கும். ஆனால் கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் ஐந்தாறு வருஷத்தில் மாற்றிவிடுவதுதான் பாதுகாப்பு. இன்ஜின் சூட்டிலேயே வெந்து ரப்பர் இறுகிப்போகும், பல்லின் அடியில் வெடிப்பு விடும், வெளியே ஒரு சத்தமும் கேட்காது. மாற்றும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அது சுற்றி ஓடும் ஐட்லர் பேரிங் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பெல்ட் புதிதாக இருந்து பழைய பேரிங் ஜாம் ஆனாலும் முடிவு ஒன்றுதான். கவரைக் கழற்றியிருக்கும்போதே கேம், கிராங்க் ஆயில் சீல்களில் கசிவு இருக்கிறதா, வாட்டர் பம்ப்பில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பழகிய கை இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். மார்க் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி இழுக்காது.

அடுத்தது கூலண்ட். ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது நம் ஊரில் விடாத பழக்கம். உங்கள் பக்கத்து போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு ஹீட்டரில் உப்புக் கட்டுவது போலத்தான் ரேடியேட்டர் டியூபிலும் இன்ஜின் உள்ளேயும் கட்டும். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, காலையில், ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையோ சிவப்போ தெளிவாக இருந்தால் சரி. துருக் கலர் தண்ணீர் இருந்தால் முழுவதையும் வடித்து, சுத்தமான தண்ணீரால் அலசி, ரெடிமிக்ஸ் கூலண்ட் ஊற்ற வேண்டும். கான்சன்ட்ரேட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலக்கலாம். வேறு வேறு வகைகளை ஒன்றாகக் கலக்க வேண்டாம். கூலண்ட் வேலையோடு மேல், கீழ் ரேடியேட்டர் ஹோஸ்களையும் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தாலும், சொதசொதவென்று இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். மூடியையும் மாற்றுங்கள். அதில் இருக்கும் ஸ்பிரிங்தான் சிஸ்டத்துக்குள் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அழுத்தம் இருப்பதால்தான் கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சின்னப் பொருள், விலையும் சொற்பம், யாரும் கண்டுகொள்வதில்லை.

என்ன செய்தும் ஒரு நாள் டெம்பரேச்சர் ஏறினால், "பக்கத்துல பெட்ரோல் பங்க் இருக்கு, அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று ஓட்டாதீர்கள். ஏசியை நிறுத்தி, ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிடுங்கள். சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டில் ஓட்டினால் வளையும், கேஸ்கெட் போகும். அரை மணி நேரத்துக்குள் மூடியைத் திறக்கவும் கூடாது.

பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் ஆயில் அல்ல. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் திரவம். டாட் 3, டாட் 4 என்பவை இந்தத் திரவத்தின் தர வகைகள். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு, ஈரம் ஏறிய பிறகு அதுவே 140 டிகிரிக்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் விடாமல் பிரேக் மிதித்தால் உள்ளே ஆவி உண்டாகி, பெடல் பஞ்சு மாதிரி கீழே போகும். அதோடு அந்த ஈரம் வீல் சிலிண்டரையும் காலிப்பரையும் உள்ளிருந்தே அரிக்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுவதையும் வடித்து மாற்ற வேண்டும், டாப் அப் மட்டும் போதாது. மேனுவலில் டாட் 3 அல்லது டாட் 4, எது போட்டிருக்கிறதோ அது. பின் டிரம்களைக் கழற்றி வீல் சிலிண்டர் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதானால் ஹேண்ட் பிரேக் போட்டு விடாதீர்கள், ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதரையில் கியரில் போட்டு, டயருக்கு முன்னும் பின்னும் கல் வைத்தால் போதும்.

இன்ஜின் ஆயில் விஷயத்தில் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. வருஷத்துக்கு ஒருமுறையாவது, ஓட்டம் 3,000 கிலோமீட்டர்தான் என்றாலும், ஃபில்டரோடு மாற்றுங்கள். இரண்டு கிலோமீட்டர் மார்க்கெட் ஓட்டத்தில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரியாத பெட்ரோலும் ஈரமும் அதில் தங்கிவிடும். ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் வெண்ணெய் மாதிரிப் படிந்திருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். கூடவே கூலண்டும் குறைந்துகொண்டே போனால் மட்டும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரமாவது பைபாஸில் ஓட்டிவிட்டு வாருங்கள், திருச்செந்தூர் போய் வந்தால் இன்னும் நல்லது. ஏசியையும் அப்போது போட்டுவிடுங்கள், கம்ப்ரசர் சீல் காயாமல் இருக்கும். ஷெட்டிலேயே ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அது நன்மையைவிடக் கெடுதலே அதிகம் செய்யும்.

ஆயில் கிரேடு மேனுவலில் உள்ளதே போதும். "பழைய இன்ஜின், திக்கான ஆயில் ஊத்துங்க" என்று 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. புகையும் இல்லை, ஆயில் குறைவதும் இல்லை என்றால் அதற்குத் தேவையே இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம், அப்போது பேசிக்கொள்ளலாம். டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்க்கும் வேலையை மட்டும் நீங்களே மாதம் இருமுறை செய்யுங்கள். பழைய காருக்கு இதைவிடச் சல்லிசான வைத்தியம் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்று, பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பெரும்பாலான கார்கள் 20 சதவீத எத்தனால் கலந்த இ20-க்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. இன்று பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். இதற்காகப் பதற வேண்டியதில்லை, மைலேஜ் கொஞ்சம் குறையும். கவனிக்க வேண்டியது ரப்பர்தான். எத்தனால் பழைய பெட்ரோல் ஹோஸ்களையும் ஓ-ரிங்குகளையும் இளக்கவோ இறுக்கவோ செய்யலாம். டேங்கிலிருந்து இன்ஜின் வரை உள்ள ஹோஸ்களை ஒருமுறை பார்க்கச் சொல்லி, வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். வண்டிக்குள் பெட்ரோல் வாசம் அடித்தால் அன்றைக்கே பட்டறைக்கு. எத்தனாலும் ஈரத்தை இழுக்கும் என்பதால் பழைய பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் கிடக்க விடாதீர்கள்.

டயரில் பட்டனை, அதாவது ரோட்டைப் பிடிக்கும் மேடுகளை, பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2317 என்றால் 2017-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. ஆறு வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் வெடிப்பு பார்க்க வேண்டும், பத்து வருஷம் என்றால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்ற வேண்டும். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியும் ஓட்டக் கூடாது.

பேட்டரிக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். இரவு நிறுத்திய வண்டியில் காலையில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் இருந்தால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. நம் வெயிலில் பேட்டரி மூன்று நான்கு வருஷம் வந்தாலே பெரிது.

இனி தூத்துக்குடிக்கென்றே உள்ள பிரச்சினை, துரு. மேலே பெயின்ட் பளபளப்பதை வைத்து ஏமாற வேண்டாம். ரேம்ப்பில் ஏற்றி, கதவுகளுக்குக் கீழே ஓடும் சைடு சில், வீல் ஆர்ச்சின் உள்பக்கம், சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடங்கள், பிரேக் பைப் ஆகியவற்றைப் பாருங்கள். ஸ்குரூ டிரைவர் காம்பால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மொத்தையாகக் கேட்டால் உள்ளே அரித்திருக்கிறது. கதவுகளின் அடியில் இருக்கும் சிறு ஓட்டைகள் மழைத் தண்ணீர் வடிவதற்கானவை. அவை மண் அடைத்திருந்தால் குச்சியால் குத்திவிடுங்கள். மாதம் ஒருமுறை அண்டர்பாடியோடு சேர்த்து நல்ல தண்ணீரில் வாட்டர் சர்வீஸ். கடற்கரையில் நிறுத்திவிட்டு வந்தால் அடுத்த நாளே செய்யலாம். அண்டர்பாடி கோட்டிங் அடிக்கச் சொல்வார்கள். துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்த பிறகு அடித்தால் பலன் உண்டு. துருவின் மேலேயே கறுப்பாகப் பூசினால் உள்ளே ஈரத்தை மூடி வைத்த கதைதான், காசு கொடுத்துக் கெடுப்பது. சேசிஸில், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடத்தில் ஓட்டை விழுந்திருந்தால் மற்ற எந்தச் செலவும் செய்யாதீர்கள். அங்கேயே கணக்கை முடித்துக்கொள்ளலாம். அதனால் டைமிங் பெல்ட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே இந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.

ஸ்பீடு பிரேக்கரில் கட கட சத்தம் கேட்டால் சஸ்பென்ஷனில் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட் என்று வரிசையாகப் பாருங்கள், எடுத்தவுடன் நாலு ஷாக் அப்சார்பரையும் மாற்ற வேண்டாம். சத்தம் இல்லை, ஆயில் கசிவு இல்லை என்றால் அதை விட்டுவிடலாம்.

எஸ்டிமேட்டில் தைரியமாக அடிக்கக்கூடியவை: இன்ஜின் ஃப்ளஷ், ஆயிலில் கலக்கும் அடிட்டிவ், டீகார்பனைசிங், டேஷ்போர்டு பாலிஷ், ஏசி வென்ட்டில் வாசனை ஸ்ப்ரே. வண்டி சரியாக இழுத்து, ஐட்லிங்கில் நடுக்கம் இல்லாமல் நின்றால் இன்ஜெக்டர் கிளீனிங்கும் தேவையில்லை. ஏசி கேபின் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் மூன்றும் மலிவு, பழையதாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். கியர் ஆயில் இதுவரை மாற்றவில்லை என்றால் ஒருமுறை மாற்றுங்கள். ஓடாத வண்டிக்குள் எலி குடியேறுவது பெரிய தொல்லை. வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து வைப்பதும், ஷெட்டில் தேங்காய் மூடி, சாக்கு எதுவும் போடாமல் இருப்பதும்தான் எனக்குத் தெரிந்து வேலை செய்கிற வழி.

கடைசியாக ஆர்சி. 15 வருஷம் ஆனதும் காரைக் கட்டாயம் ஸ்கிராப்பில் போட வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள். அது டெல்லி வட்டாரத்துக்கு வந்த உத்தரவு பற்றிய பேச்சு, தமிழ்நாட்டில் அப்படி இல்லை. எஃப்சி, அதாவது வண்டியின் தகுதிச் சோதனை, பார்த்து ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். ஆர்சி முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25-ல் விண்ணப்பிக்க வேண்டும், அதாவது உங்களுக்கு ஆகஸ்ட் மாதத்திலிருந்து. காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பசுமை வரி தனி. கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் அன்று மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். பிரேக், டயர், ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் எல்லாவற்றையும் வண்டியைக் காட்டுவதற்கு முந்தைய மாதமே சரிசெய்துவிடுங்கள். சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தில் துரு ஏறி எண் தெரியாமல் போயிருந்தால் அங்கேதான் இழுத்தடிப்பார்கள், அதை இப்போதே துடைத்துப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.