18 நேர்காணல்கள் ஆய்வாகுமா?

கேள்வி: என் மகள் கொழும்பில் சமூகவியல் சிறப்புப் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறாள். தோட்டப் பெண்களின் நுண்கடன் பற்றி நுவரெலியாப் பக்கம் 18 பேரை நேர்கண்டு ஆய்வேடு எழுதுகிறாள். எண்ணும், சோதித்துப் பார்க்க முன்வைக்கும் ஊகமான கருதுகோளும் இல்லாதது ஆய்வே அல்ல என்று பௌதிகவியல் படித்த என் அண்ணரின் மகன் சொல்கிறார். வெள்ளவத்தையில் ஒருவர், 60,000 ரூபா தந்தால் அதை 200 பேரின் வினாக்கொத்தாக்கி, பத்து நாளில் சர்வதேச ஆய்விதழிலும் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? – ஒரு தாய், தெஹிவளை.

பதில்: கொடுக்க வேண்டாம், அம்மா. உங்கள் மகள் செய்வது ஆய்வுதான்.

எந்த முறையைக் கையாள்வது என்பதை, கேட்கப்படும் கேள்விதான் தீர்மானிக்கிறது. தோட்டப் பெண்களில் நூற்றுக்கு எத்தனை பேர் கடனில் இருக்கிறார்கள் என்பது கேள்வியானால் நூற்றுக்கணக்கானோரை எண்ணத்தான் வேண்டும். கடன் வாங்கும் முடிவை அந்த வீட்டில் யார் எடுக்கிறார், தவணை நாளன்று தோட்டக் குடியிருப்பான லயத்தில் என்ன நடக்கிறது என்பது கேள்வியானால், ஒருவர் முன்னால் ஒரு மணித்தியாலமாவது உட்கார்ந்து கேட்க வேண்டும்.

உங்கள் அண்ணர் மகன் தன் துறையின் வழக்கத்தை எல்லா அறிவியலுக்கும் சட்டமாக்குகிறார். விஞ்ஞானபீடத்துக்குள்ளேயே அது செல்லுபடியாகாது. புதிய தவளை இனமொன்றை விவரிக்கும் உயிரியலாளர் அந்தப் பெயருக்கு ஆதாரமாக அருங்காட்சியகத்தில் வைப்பது பெரும்பாலும் ஒரேயொரு மாதிரியைத்தான். வானியலாளரால் நட்சத்திரத்தை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவர முடியாது. மறுபுறம், தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் குடும்பங்களின் வருமானத்தையும் செலவையும் ஆயிரக்கணக்கான வீடுகளில் அளக்கிறது. அதுவும் சமூக அறிவியல்தான். வடமத்திய மாகாணத்தில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கிணற்று நீரின் புளோரைட்டையும் வன்தன்மையையும் அளக்கிறார், இன்னொருவர் நோயாளியின் சிறுநீரக இழையத்தை நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார், மூன்றாமவர் வயலில் உச்சி வெயிலில் விவசாயி எதைக் குடிக்கிறார், கிளினிக்குக்கு ஏன் பிந்திப் போகிறார் என்று கேட்டு எழுதுகிறார். ஒருவரின் வேலையை மற்றவரின் அளவுகோலால் செய்ய முடியாது.

18 பேர் போதுமா என்று மகளுக்கே ஐயம் இருக்கலாம். மேற்காபிரிக்காவில் 60 பெண்களை நேர்கண்ட தரவை மீளாராய்ந்து 2006இல் வெளியான கட்டுரையொன்று, முக்கியமான கருத்துகளில் பெரும்பாலானவை முதல் 12 நேர்காணல்களிலேயே வெளிப்பட்டுவிட்டதாகக் காட்டியது. ஒத்த சூழலில் வாழ்வோரை ஒரே விடயம் பற்றிக் கேட்கும்போது இது பொருந்தும். ஆனால் “72 வீதமான பெண்கள்” என்று மகள் எழுதக்கூடாது. 18 பேரை வைத்து வீதம் சொன்னால் பரீட்சகர் அங்கேயே பிடித்துவிடுவார்.

இனி அந்தத் தரகர். 18ஐ 200 ஆக்குவதென்றால் மீதி 182 பேர் எங்கிருந்து வருவார்கள்? அவரே உட்கார்ந்து நிரப்புவார். நான் பரீட்சகராக இருந்த ஒரு தடவை, வினாக்கொத்துக் கட்டொன்றைப் புரட்டியபோது ஒரே நீலப் பேனையில் ஒரே சாய்வில் போட்ட சரி அடையாளங்கள் தொடர்ந்து நாற்பது தாள்களில் இருந்தன. அந்தப் பிள்ளையிடம் அட்டவணையிலிருந்த ஓர் எண்ணைக் காட்டி அதன் பொருளைக் கேட்டேன், அழத் தொடங்கிவிட்டார். பணம் வாங்கியவர் அந்த அறையில் இல்லை, தண்டனை பிள்ளைக்குத்தான். இதைவிடவும் பாரதூரமானது, நேர்காணல் ஒலிப்பதிவுகளை இத்தகையோர் முதலிலேயே வட்ஸ்அப்பில் கேட்டு வாங்குவது. பெயர் வெளியே வராது என்ற வாக்குறுதியை நம்பித்தான் அந்தப் பெண்கள் கடன்காரரைப் பற்றியும் கணவரைப் பற்றியும் பேசியிருப்பார்கள்.

பத்து நாளில் வெளியீடு என்பதும் பொய்யான சரக்கு. உண்மையான ஆய்விதழில் துறைசார்ந்தோர் கட்டுரையைப் படித்து, திருத்தம் கேட்டு, மீண்டும் படிக்க மாதங்கள் ஆகும். 2013இல் ‘சயன்ஸ்’ இதழின் செய்தியாளர் ஒருவர் வேண்டுமென்றே பிழைகள் நிறைந்த போலிக் கட்டுரையை 304 ஆய்விதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. தரகர் காட்டும் ஐஎஸ்எஸ்என் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். அது இதழை அடையாளப்படுத்தும் எட்டு இலக்கப் பதிவெண் மாத்திரமே, தரச்சான்று அல்ல.

பணம் கேட்கும் ஆய்விதழ் எல்லாம் மோசடி என்றும் நான் சொல்லவில்லை. இதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் தரகர்கள் ஒளிந்துகொள்வது இந்த இடத்தில்தான். வாசகரிடம் சந்தா வாங்காமல் எவரும் இலவசமாகப் படிக்கத் திறந்துவிடும் இதழ்கள் இருக்கின்றன. அவற்றுள் பல, செலவைக் கட்டுரையாளரிடமோ அவரது நிறுவனத்திடமோ அறவிடுகின்றன. 2006இல் தொடங்கிய ‘பிளொஸ் வன்’ அப்படிப்பட்டது. அங்கே கட்டணம் இணையத்தளத்தில் வெளிப்படையாக இருக்கும், கட்டுரை ஏற்கப்பட்ட பிறகே செலுத்த வேண்டும், பணம் நேரே வெளியீட்டாளருக்குப் போகும், வசதி குறைந்த நாட்டவர் விண்ணப்பித்தால் சலுகையும் கிடைக்கலாம். கட்டுரையைப் படிக்கும் முன்பே, ஒரு தனி ஆளின் வங்கிக் கணக்குக்குப் பணம் கேட்டால் அது வேறு வியாபாரம்.

இந்த வியாபாரம் தழைப்பதற்கு எங்கள் பல்கலைக்கழக அமைப்பும் பொறுப்பு. எல்லாத் துறைக்கும் ஒரே ஆய்வு முன்மொழிவுப் படிவத்தைக் கொடுத்து, அதில் ‘கருதுகோள்’ என்ற பெட்டியைக் கட்டாயமாக்கினால், சமூகவியல் மாணவி என்ன செய்வாள்? இல்லாத கருதுகோளைக் கற்பனை செய்து எழுதுவாள், பிறகு அதை நிறுவ எண்களைத் தேடித் தரகரிடம் போவாள். பதவி உயர்வுக்கு வெளியீடுகளை எண்ணிப் புள்ளி போடும் வரை விரிவுரையாளர்களும் அதே கதவைத்தான் தட்டுவார்கள். பல வருடங்களாக இதைக் கூட்டங்களில் சொல்லி வருகிறேன், படிவம் மாறவில்லை.

மகள் அந்தப் பெட்டியில் “இவ்வாய்வு கருதுகோளைச் சோதிப்பதன்று, ஆய்வு வினாக்கள் வருமாறு” என்று எழுதி, மேற்பார்வையாளரின் கையொப்பத்தைப் பெறட்டும். 18 பேரையும் எப்படித் தெரிவுசெய்தார், எந்த நேர்காணலுக்குப் பிறகு புதிதாக எதுவும் வரவில்லை என்பதை முறையியல் அத்தியாயத்தில் இரண்டு பக்கத்திலாவது விளக்கட்டும். பட்டத்துக்குச் சர்வதேச வெளியீடு தேவையா என்பதைத் தரகரிடமன்றித் துறைத் தலைவரிடம் கேளுங்கள். பிற்பாடு வெளியிட விரும்பினால், தேசிய விஞ்ஞான மன்றம் சமூக அறிவியலுக்கென்றே ஓர் ஆய்விதழை நடத்துகிறது. ஒலிப்பதிவுகள் ஏற்கெனவே அந்த நபரிடம் போயிருந்தால், அவற்றை அழிக்கும்படி எழுத்தில் கேட்டுவிட்டு, மகள் இன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட வேண்டும்.