தட்டு கொண்டு வரச் சொன்னால் வெறுந்தட்டா? ஆஸ்திரேலியப் பேச்சு: கேள்வி-பதில்

படிக்கவும் வேலைக்கும் பிள்ளைகளைப் பார்க்கவும் ஆஸ்திரேலியா வந்தவர்கள் கேட்டவற்றில் சில இங்கே. இந்தச் சொற்களை நாமும் பேச வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். காதில் விழும்போது நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று பிடிபட்டால் போதும்.

பக்கத்து வீட்டார் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைத்து, 'பிரிங் எ பிளேட்' என்றார்கள். அவர்கள் வீட்டில் தட்டு போதாதா? (மகள் வீட்டுக்கு வந்திருக்கும் தாய், மெல்பர்ன்)

தட்டு நிறைய இருக்கும். எல்லாரும் பகிர்ந்து சாப்பிட ஏதாவது ஒரு பண்டம் செய்து எடுத்து வாருங்கள் என்பதுதான் பொருள். வெறுந்தட்டோடு போய் வாசலில் நின்ற குடியேறிகளின் கதைகள் அங்கே ஏராளம். நீங்கள் கேட்டுவிட்டீர்கள், தப்பித்தீர்கள். மசால் வடை, கட்லெட் போல நின்றுகொண்டே கையில் எடுத்துச் சாப்பிடக்கூடியதாகக் கொண்டு போங்கள். குழம்பும் சோறும் அந்தக் கூட்டத்துக்கு ஒத்து வராது. முந்திரியோ வேர்க்கடலையோ சேர்த்திருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். ஒவ்வாமையை அங்கே மிகவும் கவனமாகப் பார்ப்பார்கள்.

அழைப்பில் 'பி.ஒய்.ஓ.' என்று இருந்தால் குடிக்க வேண்டியதையும் நீங்களே எடுத்துப் போக வேண்டும். இன்னொன்று: வயதானவர்கள் 'கம் ஃபார் டீ' என்று அழைத்தால் அது பெரும்பாலும் இரவுச் சாப்பாடு. வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தேநீருக்காகப் போனால் சங்கடம்தான்.

அலுவலக நடையில் எதிரே வருபவர் 'ஹவ் யா கோயிங்?' என்கிறார். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் கடந்து போய்விடுகிறார்.

அது வணக்கம். 'குட் தாங்க்ஸ், யூ?' என்று நடந்துகொண்டே சொல்லுங்கள். எதில் போகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. 'பஸ்ஸில்' என்று சொல்லிவிடாதீர்கள்.

வேலை முடிந்து பப்புக்குப் போனோம். ஒருவர் 'மை ஷவுட்' என்று சொல்லி எழுந்தார். யாரிடம் சத்தம் போடப் போகிறாரோ என்று பார்த்தால், எல்லாருக்கும் பீர் கோப்பைகளோடு திரும்பினார். நான் மது அருந்துவதில்லை. என்ன செய்வது? (கணினிப் பொறியாளர், சிட்னி)

'இந்தச் சுற்றுக்கு நான் பணம் தருகிறேன்' என்று சொல்லியிருக்கிறார். அடுத்த சுற்று இன்னொருவருடையது. நான்கு பேர் உட்கார்ந்தால் கணக்கு நான்கு சுற்று. எழுதி வைக்காவிட்டாலும் யார் முறை என்பது எல்லாருக்கும் தெரியும். தன் முறை வருவதற்குள் 'வீட்டில் வேலை இருக்கிறது' என்று நழுவுகிறவரைப் பற்றி வருடக்கணக்கில் பேசுவார்கள்.

உங்களுக்கு இரண்டு வழிகள். தொடக்கத்திலேயே 'ஐ'ம் ரைட், தாங்க்ஸ்' என்று சுற்றிலிருந்து விலகி, வேண்டியதை நீங்களே வாங்கிக்கொள்ளலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அல்லது சுற்றில் சேர்ந்து சோடா கேட்கலாம். ஆனால் உங்கள் முறை வரும்போது அவர்களுக்குப் பீர் வாங்கித் தர வேண்டும். மதுவுக்குக் காசு கொடுக்க மனம் ஒப்பாதவர்களுக்கு முதல் வழியே நல்லது. அரைகுறையாகச் சேர்வதுதான் வம்பு. 'லெமன் லைம் அண்ட் பிட்டர்ஸ்' என்ற பானம் பார்க்கப் பழரசம் போல இருக்கும். அதில் விடும் பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாற்றில் சாராயம் உண்டு, சில துளிதான் என்றாலும்.

உங்கள் முறையில் வாங்கப் போனால் கோப்பை அளவு குழப்பும். சிட்னியில் 'ஸ்கூனர்' என்றால் 425 மில்லி. அடிலெய்டில் அதே பெயரைச் சொன்னால் 285 மில்லிதான் வரும். அந்த 285 மில்லிக்கு மெல்பர்னில் 'பாட்', சிட்னியில் 'மிடி'. காபிக்கும் ஷவுட் உண்டு என்பதால், மது அருந்தாதவர் தம் பங்கை மறுநாள் காலையில் காபியாகவும் செலுத்திவிடலாம். நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

எல்லாச் சொல்லையும் வெட்டி 'ஓ' அல்லது 'ஈ' ஒட்டுகிறார்களே, இதற்கு விதி உண்டா?

உறுதியான விதி கிடையாது. பிற்பகல் 'ஆர்வோ', பெட்ரோல் பங்க் 'சர்வோ', வாகனப் பதிவு 'ரெஜோ', வேலைத்தளத்தின் இடைவேளை 'ஸ்மோகோ' (புகைக்காதவருக்கும் அதுதான் பெயர்). மின்பணியாளர் 'ஸ்பார்க்கி', தச்சர் 'சிப்பி', தபால்காரர் 'போஸ்டி', கைத்தொழிலாளர் எல்லாரும் 'ட்ரேடி'. ஆம்புலன்ஸ் பணியாளர் மட்டும் ஏன் 'ஆம்பி' ஆகாமல் 'ஆம்போ' ஆனார் என்று கேட்டால், காது பழகியது என்பதுதான் பதில். சில 'ஓ'க்கள் தெருவில் கூவியதிலிருந்து வந்தவை. பால்காரர் 'மில்க்-ஓ' என்று கூவினார், பெயரே 'மில்கோ' ஆயிற்று. காலிப் புட்டி வாங்குபவரின் கூவல் 'பாட்டில்-ஓ'. இன்று அதே சொல் மதுக்கடைக்குப் போய்விட்டது.

இதைக் குழந்தைப் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். நீட்டி முழக்கிப் பேசினால் பெரிய மனிதத் தோரணை வந்துவிடும் என்ற கூச்சம் அவர்களுக்கு உண்டு. குறுக்குவது அதிலிருந்து வருகிறது என்பது என் கணிப்பு. மக்டொனால்ட்ஸ் நிறுவனமே 2013 ஆஸ்திரேலிய தினத்தையொட்டிச் சில கடைகளில் பெயர்ப் பலகையை 'மக்காஸ்' என்று மாற்றியது. உலகமே பேசும் 'செல்ஃபி'கூட 2002இல் ஓர் ஆஸ்திரேலியர் எழுதிய பதிவில்தான் முதலில் அகப்படுகிறது. உங்கள் நீளமான பெயரும் ஒரு வாரத்தில் குறுகிவிடலாம். பிடிக்கவில்லை என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், பிறகு மாற்றுவது கடினம்.

நோயாளி 'ஐ ஃபீல் எ பிட் க்ரூக்' என்கிறார். (செவிலியர், நியூ சவுத் வேல்ஸ்)

உடம்பு சரியில்லை என்கிறார். தன்னை மோசடிக்காரர் என்று ஒப்புக்கொள்ளவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது 'எ பிட்'. குறைத்துச் சொல்வது அங்கே பழக்கம், அதிலும் வயதான விவசாயிகள். அப்படி ஒருவர் கொஞ்சம் க்ரூக் என்றால் அதைக் கொஞ்சம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'நாட் டூ பேட்' என்பதும் அப்படித்தான். வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று எண்ணாகக் கேட்டு வாங்குங்கள். உங்கள் சக பணியாளர் 'சக் எ சிக்கி' என்று சொன்னால் அவருக்கு நோயே இல்லை. பொய்யாக மருத்துவ விடுப்பு எடுக்கப் போகிறார்.

கிரிக்கெட்டில் எந்த அணிக்கு 'ரூட்' பண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். மேசையே சிரித்தது.

அமெரிக்கப் படங்களின் கைங்கரியம். ஆஸ்திரேலியாவில் அந்தச் சொல்லுக்குப் படுக்கையறைப் பொருள். அணியை ஆதரிப்பதற்கு 'பேரக்' என்பார்கள்.

இந்தச் சொற்கள் எல்லாம் இங்கிலாந்திலிருந்து வந்தவைதானா?

இல்லை. கடும் உழைப்பைக் குறிக்கும் 'ஹார்ட் யாக்கா'வில் உள்ள யாக்கா, பிரிஸ்பேன் வட்டாரத்துப் பூர்வகுடிகளின் யாகரா மொழிச் சொல். தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும் 'கூயி' சிட்னி வட்டாரத்துத் தாருக் மொழியிலிருந்து வந்தது. கங்காரு என்றால் 'எனக்குத் தெரியாது' என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். 1770இல் எண்டவர் நதிக்கரையில் கடலோடி கேப்டன் குக்கின் குழுவினர் கேட்டு எழுதியது குகு இமிதிர் மொழியின் 'கங்குர்ரு'. ஒரு வகைக் கங்காருவின் பெயர். 1970களில் மொழியியலாளர் ஜான் ஹவிலாண்ட் அம்மக்களிடம் அதை உறுதி செய்தார். கட்டுக்கதை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பள்ளிக் குறிப்பில் 'பேதர்ஸ்' கொண்டு வரச் சொல்கிறார்கள். பிரிஸ்பேனில் இப்படிக் கேட்டதே இல்லையே?

நீச்சலுடை. பிரிஸ்பேனில் 'டாக்ஸ்', சிட்னியில் 'காஸி', மெல்பர்னில் 'பேதர்ஸ்'.

பகுதிநேர வேலை செய்கிறேன். சம்பளச் சீட்டு கேட்டால் முதலாளி 'ஷீல் பி ரைட், மேட்' என்கிறார். தருவாரா, மாட்டாரா? (மாணவர்)

'எல்லாம் சரியாகிவிடும்' என்று பொருள். அதைச் சொல்கிறவர் யார், எதற்குச் சொல்கிறார் என்று பாருங்கள். மழை வருமோ என்ற கேள்விக்கு அது நல்ல பதில். சம்பளத்துக்கு அது பதிலே அல்ல. 'மேட்' என்று அழைப்பதால் அவர் நண்பராகிவிடவும் இல்லை. சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் சீட்டு தர வேண்டும் என்பது அங்கே சட்டம். மாணவர் விசாவில் இருப்பவருக்கும் அது பொருந்தும். எந்த வாரங்களுக்குச் சீட்டு வரவில்லை என்று குறிப்பிட்டு ஒரு குறுஞ்செய்தியாகக் கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கும். வேலை செய்த நாளையும் நேரத்தையும் நீங்களும் குறித்து வையுங்கள். அப்போதும் 'ஷீல் பி ரைட்' என்றே வந்தால் வேலையிடச் சட்டங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்தை 13 13 94 எண்ணில் அழையுங்கள். தமிழில் பேச வேண்டுமென்றால் முதலில் மொழிபெயர்ப்புச் சேவையின் 131 450ஐ அழைத்து, தமிழ் என்று சொல்லி, அந்த அலுவலகத்தோடு இணைக்கச் சொல்லுங்கள்.